முழு மணிக்கு அழுத்தியவர்

"அழுத்தினா பதியும். அழுத்தாட்டி பதியாது."

ஓர் இறால் பண்ணைக் கொட்டிலில், நாலைந்து பேருக்கு முன்னால் நின்று நான் இதைச் சொன்னேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. குரல்கூட நடுங்கவில்லை. பிள்ளையின் பால் சூடு சரியா என்று மூன்று தரம் கையில் விட்டுப் பார்க்கிறவள் நான். கதவைப் பூட்டிவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவள். அன்றைக்கு மட்டும் எதையும் திரும்பிப் பார்க்காமல் பேசினேன்.

நாங்கள் இருப்பது மாம்புரியில், கடல்நீர் தேங்கும் களப்புப் பக்கம். கணவர் கொழும்பில் வேலை. வாரக் கடைசியில்தான் வருவார். வீட்டில் மாமியும் நானும் எட்டு மாத மகளும். சிலாபத்திலுள்ள ஒரு சின்ன நிறுவனத்துக்கு நான் வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதுகிறேன். இறால் குளங்களுக்கென்று அவர்கள் ஒரு பெட்டி செய்து விற்கிறார்கள். அதிலிருந்து ஒரு கம்பி தண்ணீருக்குள் இறங்கி, ஒட்சிசன் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று அளக்கும். குளத்தைப் பார்க்கிறவர் பகலில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் குளத்தைச் சுற்றிவந்து, தீனித் தட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பெட்டியின் பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். பீப் என்று சத்தம் கேட்கும். அந்த நேரத்து அளவும், ஆள் வந்து பார்த்தார் என்பதும் பதிவாகும். இறால் வாங்க வருகிறவர்கள் அந்தப் பதிவைக் கேட்பார்கள். அதில் இடைவெளி இருந்தால் முகம் சுளிப்பார்கள்.

அந்தக் குளத்தைக் கிழமையில் ஐந்து நாள் பார்த்துக்கொண்டவர் எங்கள் வீட்டுக்கு நாலு வேலி தள்ளி இருக்கும் ஒரு ராத்தா; அக்காவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். கணவர் இல்லை. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு மகள் மட்டும். எனக்குப் பிள்ளை கிடைத்தபோது நாற்பது நாளும் காலையில் வந்து பிரசவ மருந்தான காயம் இடித்துத் தந்தவர் அவர்தான். கசக்கிறது என்று நான் முகத்தைத் திருப்பினால், "கண்ண மூடிட்டு விழுங்குங்க தங்கச்சி, உள்காயம் ஆறணுமே" என்பார்.

அவருக்கு நேரம் தவறக்கூடாது என்று மகள் அவருடைய போனில் பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு மணிக்கு அலாரம் வைத்துக் கொடுத்திருந்தாள். சேவல் கூவும் சத்தம். நாலு மணிக்குச் சேவல் கூவினால் பக்கத்துக் குளத்துக்காரர்கள் சிரிப்பார்கள். ராத்தா அதற்கு முன்பே சுற்றை முடித்துவிட்டுப் பெட்டிக்கு முன்னால் விரலைத் தயாராக வைத்துக்கொண்டு நிற்பார். கூவினவுடன் அழுத்துவார்.

வெள்ளியும் ஞாயிறும் பண்ணைக்காரரின் மச்சினன் பார்ப்பார். அவர் தேத்தண்ணி குடித்து முடிந்தபிறகு அழுத்துவார். சில நாள் பத்து நிமிடம் பிந்தும், சில நாள் அரை மணித்தியாலம்.

மூன்று மாதப் பதிவைப் பண்ணைக்காரர் ஒன்றாக இறக்கிப் பார்த்த அன்று, மச்சினனின் நாட்கள் நிறைந்திருந்தன. ராத்தாவின் நாட்களில் கிட்டத்தட்ட எல்லாம் வெறுமை.

பெட்டியைப் பற்றிக் கேட்க வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டார்கள். நான்தான் பக்கத்தில் இருக்கிறவள். பிள்ளையை மாமியிடம் விட்டுவிட்டு, தோளில் கிடந்த பால் துணியை எடுக்க மறந்து, அப்படியே போனேன்.

"மகள், நீங்க படிச்ச புள்ள," என்றார் பண்ணைக்காரர். ஊரில் எல்லாருக்கும் அவர் ஹாஜியார். "அல்லாவுக்காகச் சொல்லுங்க. இந்தப் பெட்டி பிழை விடுமா?"

"இல்ல ஹாஜியார். அழுத்தினா பதியும். அழுத்தாட்டி பதியாது."

"நான் அழுத்தினன்," என்றார் ராத்தா. "ஒவ்வொரு நாளும் அழுத்தினன். பீப் எண்டு கேட்டிச்சி. கோழி கூவினதும் அழுத்தினன்."

"அப்ப கோழி கூவினது மட்டுந்தான் நடந்திருக்கு," என்றார் மச்சினன். எல்லாரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். பெரிதாக இல்லை, உதட்டளவில்தான். உதட்டளவில் என்று இப்போது எழுதும்போதே தெரிகிறது, அதைச் சின்னதாக்கப் பார்க்கிறேன் என்று. சிரித்தேன்.

ராத்தா என்னைப் பார்த்தார். "தங்கச்சி, நீங்களும் அப்பிடியா சொல்றீங்க?"

நான் தோளிலிருந்த துணியை எடுத்து மடிக்கத் தொடங்கினேன். அன்றோடு அவருடைய வேலை போயிற்று.

வேலையோடு அது நிற்கவில்லை. இரண்டாம் நாள், பள்ளிக்கூடம் விட்டுப் போகும் பிள்ளைகள் ராத்தாவின் வேலியடியில் சேவல் போலக் கூவிக்கொண்டு ஓடுவதைக் கேட்டேன். கடையில் ஒருத்தி, "சுத்தாமலே சுத்தினன் எண்டு பொய் சொல்லிச் சம்பளம் எடுத்திரிக்கா" என்று சொன்னதாக மாமி வந்து சொன்னார். ராத்தா மீன் இறங்குதுறைக்குக் கருவாடு காயப்போடப் போகத் தொடங்கியிருந்தார். வழக்கமாக எங்கள் வாசலால் போகிறவர், இப்போது பின் ஒழுங்கையால் போனார்.

நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன்: உண்மை என்னவோ அதைத்தானே சொன்னேன். ஆனால் அது எந்த உண்மை என்று ஒருதரம்கூடத் திறந்து பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்ததா, நேரமில்லையா என்று இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஒன்பதாம் நாள் பகல் லுஹர் தொழுகைக்கு முன் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஒரு மரணத்துக்கான ஜனாஸா அறிவித்தல் வந்தது. மாமி குசினியில் தேங்காய்ச் சம்பலுக்கு மிக்சியைப் போட்டிருந்தார். பெயர் கேட்டது, அதோடு மிக்சி மிச்சத்தை விழுங்கிவிட்டது. மாமி மிக்சியை நிறுத்திவிட்டு, "இன்னாலில்லாஹி" என்று தலையில் கைவைத்துக்கொண்டு அழத் தொடங்கினார். மாமியின் நெருங்கிய கூட்டாளியின் பெயர் அது. நேற்றுத்தான் வந்து முருங்கைக்காய் கொடுத்துவிட்டுப் போனவர். நான் தண்ணீர் எடுத்து வருவதற்குள் மாமி கற்பிட்டியிலிருக்கும் கூட்டாளியின் தங்கைக்குப் போன் எடுத்துச் சொல்லியும்விட்டார். அந்தப் பக்கமும் அழுகை.

எங்கள் ஊரில் அந்தப் பெயர் எத்தனையோ பேருக்கு உண்டு. அதனால்தான் அறிவிக்கிறவர் பெயரோடு நிறுத்த மாட்டார். இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னார் இன்னாரின் தாய், இன்ன ஒழுங்கையைச் சேர்ந்தவர் என்று நீட்டிக்கொண்டே போவார். எல்லாவற்றையும் இரண்டுதரம் சொல்வார். இரண்டாம் தரம் சொன்னபோதுதான் எங்களுக்கு முழுவதும் விளங்கியது. மௌத்தானவர் வேறொருவர், வயது போன, படுக்கையில் கிடந்த ஒருவர்.

கால் மணித்தியாலத்தில் கூட்டாளியே வாசலில் வந்து நின்றார். கற்பிட்டித் தங்கை அவர் வீட்டுக்குப் போன் எடுத்தபோது, பேசியது அவரேதான் என்று தெரிந்ததும் அலறியிருக்கிறார்.

"என்னடி, என்ன மௌத்தாக்கிட்டியா? முருங்கக்கா சரியில்லாட்டி அதச் சொல்லேன்!"

"பேரக் கேட்டதோட எனக்குப் புத்தி போயிட்டுடி. மன்னிச்சுக்க. பொருந்திக்க," என்று மாமி அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அந்த நிமிடமே தங்கைக்கும் போன் எடுத்து, "நான்தான் பிழை, என்னப் பொருந்திக்கங்க" என்றார். பிறகு இருவரும் ஒரே கதிரையில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து சிரித்தார்கள்.

நான் நிலைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரே பெயர், இரண்டு பேர். ஒருவர் போனதும் மற்றவரும் போய்விட்டதாக எடுத்துக்கொண்டார்கள். இதை நான் எங்கோ செய்திருக்கிறேன் என்ற எண்ணம், அடுப்பை அணைத்தேனா என்ற சந்தேகம் போல, என்னை விடாமல் பிடித்துக்கொண்டது.

மகளைத் தூங்கவைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன்.

பெரிய அலுவலகங்களில் தரவுத்தளம் என்பது தனிக் கணினியில் தனியாக ஓடும். கேட்கிறவர்களை அது தானே அடையாளம் கண்டு வரிசைப்படுத்தும். எங்களுடைய சின்னப் பெட்டிக்கு அவ்வளவு வசதி இல்லை. அங்கே தரவுத்தளம் நாங்கள் எழுதும் நிரலுக்குள்ளேயே குடியிருக்கிறது. பெட்டிக்குள் மூன்று நிரல்கள் ஓடுகின்றன. ஒரு நிரலுக்குள்ளேயே இரண்டு மூன்று வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கலாம். அவற்றை இழைகள் என்போம். எல்லாரும் ஒரே கோப்பில் எழுதுகிறார்கள். எழுதுகிறவர் ஒரு பூட்டைப் போட்டுக்கொண்டு எழுதுவார். பாதியில் அவர் செத்துப்போனால் பூட்டு அப்படியே கிடந்து எல்லாரையும் மறித்துவிடும். அதனால் அரை நிமிடத்துக்கு ஒருதரம் தரவுத்தளம் சுற்றிப் பார்க்கும். செத்தவர் இருந்தால் அவருடைய பூட்டைக் கழற்றி, அவர் பாதி எழுதியதை அழித்துவிடும்.

யார் யார், யார் உயிரோடிருக்கிறார் என்பது அதற்குத் தானாகத் தெரியாது. நிரல் எழுதுகிறவள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். நிரலின் எண்ணும் இழையின் எண்ணும் சேர்ந்ததே ஓர் ஆளின் அடையாளம்; அது வேறு எவருக்கும் இருக்கக்கூடாது. கையேட்டில் இது தெளிவாக எழுதியிருக்கிறது. நான் வாசித்திருக்கிறேன்.

முதலில் எழுதியபோது ஒவ்வொரு நிரலிலும் ஓர் இழைதான் இருந்தது. நிரலின் எண்ணே போதும் என்று நினைத்து, இழையின் எண் வர வேண்டிய இடத்தில் பூச்சியம் போட்டேன். பக்கத்தில் "இப்போதைக்கு" என்று என் கையாலேயே குறிப்பு எழுதியிருக்கிறேன். பிறகு, மகளுக்கு மூன்று மாதமாக இருக்கும்போது, தண்ணீரின் சூட்டையும் அளக்கச் சொன்னார்கள். பொத்தானைக் கவனிக்கும் நிரலுக்குள்ளேயே அதற்கொரு புதிய இழையைச் சேர்த்தேன். ஒவ்வொரு முழு மணிக்கும் அது எழும்பி, ஒரு நிமிடத்துக்குள் அளந்து முடித்து, உயிரோடிருப்பவர்களின் பட்டியலிலிருந்து தன் அடையாளத்தை வெட்டிவிட்டுப் போய்விடும். பொத்தானின் இழையும் ஒவ்வொரு அழுத்தலுக்கும் அந்தப் பட்டியலில் தன்னைச் சேர்த்துக்கொள்ளும். அதற்கும் பூச்சியம், இதற்கும் பூச்சியம். பட்டியலில் இருவருக்கும் ஒரே வரி.

பொத்தானை அழுத்தினால் அளவு நிலைப்பட இரண்டு நிமிடம் பிடிக்கும். அந்த இரண்டு நிமிடமும் பதிவு பாதியில் நிற்கும். சரியாக முழு மணிக்கு அழுத்தினால், அதற்குள் சூட்டை அளக்கும் இழை முடிந்து, தன் வரியை வெட்டிவிடும். தரவுத்தளம் சுற்றிவந்து பொத்தானின் இழையைத் தேடும். பட்டியலில் இல்லை. செத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு, பாதிப் பதிவை அழித்துவிடும்.

பத்து நிமிடம் பிந்தி அழுத்துகிறவருக்கு ஒன்றும் ஆகாது.

மேசையிலிருந்த உதிரிப் பெட்டியை எடுத்து, கம்பியை ஒரு வாளித் தண்ணீரில் விட்டேன். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்து சரியாக இரண்டு மணிக்கு அழுத்தினேன். பீப். இரண்டு நிமிடம் கழித்துப் பார்த்தேன்; ஒன்றும் இல்லை. இரண்டு பத்துக்கு அழுத்தினேன், பதிந்தது. மூன்று மணிக்கு அழுத்தினேன், இல்லை. நாலு மணிக்கு அழுத்தக் கை வரவில்லை.

என் பிழைகள் இன்னும் இரண்டு இருந்தன. பாதிப் பதிவு அழிந்தபின் நிரல் மிச்சத்தை எழுத முயன்றபோது, தரவுத்தளம் பிழை என்று திருப்பிச் சொல்லியிருக்கிறது. அந்தப் பதிலை வாங்கிப் பார்க்கும் வரியை நான் எழுதவேயில்லை. அந்த பீப்? பதிந்தபிறகு ஒலிக்க வேண்டியதை அழுத்தியவுடன் ஒலிக்க வைத்ததும் நான்தான். சத்தம் பிந்தினால் ஆட்கள் திரும்பத் திரும்ப அழுத்துவார்கள் என்று அப்போது நினைத்தேன். ராத்தா கேட்டது என் பீப்தான். அவர் நம்பியது என்னைத்தான்.

பிள்ளை கையிலிருந்த காலம், தூக்கமில்லை என்று சாட்டுச் சொல்ல வாய் வருகிறது. மகளின் தலையில் அதைப் போட மாட்டேன்.

சிலாபத்து நிறுவனத்தை நடத்தும் சேருக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. நான் சொல்லி முடித்ததும் ஒன்றுதான் கேட்டார்.

"திருத்த எவ்வளவு நேரம் எடுக்கும், தங்கச்சி?"

"திருத்திட்டன் சேர். இழையின் எண்ணோட அது தொடங்கின நேரத்தையும் சேர்த்துட்டன். எண் திரும்ப வந்தாலும் இனி ரெண்டு பேருக்கு ஒரே அடையாளம் வராது."

"அப்ப அனுப்பி விடுவம். எல்லாப் பெட்டிக்கும் தானாப் போயிடும். ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லத் தேவையில்ல. சும்மா எதுக்குப் பயப்படுத்துவான்?"

அந்த நிமிடம் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை எழுதத்தான் வேண்டும். யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும். இனி எவருடைய பதிவும் அழியாது. ஓம் சேர் என்று சொல்லி வைத்துவிட்டேன். அனுப்பும் பொத்தானில் விரலை வைத்தேன். அனுப்பினால் பெட்டியிலிருக்கும் பிழை போய்விடும். அதற்குப் பிறகு ராத்தா சொன்னது உண்மை என்பதற்கு என் வாயைத் தவிர வேறு சாட்சி இருக்காது. என் வாயை எனக்குத் தெரியும்.

திரும்பவும் அவருக்குப் போன் எடுத்து, "ஒரு நாள் மட்டும் தாங்க சேர்" என்றேன்.

அடுத்த நாள் காலையில் நான் போனது ஹாஜியாரிடம் இல்லை. ராத்தாவின் வீட்டுக்கு, அதுவும் பின்வாசலால். குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். என் இடுப்பில் மகள். பிள்ளையைக் கூட்டிப்போனால் அவர் மனம் இளகும் என்று நினைத்தேனா? நினைத்திருப்பேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். இழை, அடையாளம் என்று தொடங்கி, அவை நடுவில் வழுக்கிப் போய், கடைசியில் மாமியின் மிக்சிக் கதையில் வந்து நின்றேன். அவருக்கு உடனே விளங்கியது.

"அப்ப நான் கரெக்டா அழுத்தினதுதான் பிழையாப் போயிருக்கு."

"ஓம் ராத்தா. உங்கட பிழை ஒண்டுமில்ல. என்ட பிழை. என்னப் பொருந்திக்கங்க."

அவர் கத்தியைக் கழுவி வைத்தார். மகள் அவரைப் பார்த்துக் கையை நீட்டினாள். அவர் அவளுடைய கன்னத்தைப் புறங்கையால் தொட்டார்.

"அண்டைக்கி நீங்க எங்க வெச்சிச் சொன்னீங்க?"

"குளத்தடியில."

"இண்டைக்கி எங்க வந்து சொல்றீங்க?"

நான் பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றினேன்.

"என்ட மகள் பள்ளிக்கூடம் போவமாட்டன் எண்டு நிக்கிறா. அவளுக்கு முன்னால கூவுறாங்க. இந்தக் குசினிக்குள்ள நீங்க சொன்னது அவங்களுக்குக் கேக்குமா?"

அன்று பின்னேரம் மூன்றே முக்காலுக்கு நான் குளத்தடியில் நின்றேன். ஹாஜியார், மச்சினன், தீனி மூட்டை இறக்க வந்திருந்த இரண்டு பேர். பக்கத்துக் குளத்துக்காரர்களையும் கூப்பிடுங்கள் என்று நானே கேட்டேன். சோளகக் காற்று கொட்டிலின் தகரத்தை அடித்துக்கொண்டிருந்தது. சத்தமாகக் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. ராத்தா வரமாட்டார் என்று நினைத்திருந்தேன். மகளோடு வந்து வேலிக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார். உள்ளே வரவில்லை.

"நான் அண்டைக்குச் சொன்னது பொய். தெரியாமச் சொன்ன பொய். தெரியாததத் தெரியும் எண்டு சொன்னதும் பொய்தான்," என்று தொடங்கினேன். வீட்டில் நாலைந்து தரம் சொல்லிப் பார்த்து வந்த வசனம் அது. அதற்குப் பிறகு வசனம் எல்லாம் போய்விட்டது.

"சரி மகள், திருத்திட்டீங்க தானே, அதோட உடுங்க," என்றார் ஹாஜியார். அவருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவர்தானே ராத்தாவை வேலையை விட்டு நிறுத்தியவர்.

"உடேலாது ஹாஜியார். நாலு மணியாகட்டும்."

நின்றோம். நாலு மணிக்கு வேலிக்கு அந்தப் பக்கம் ராத்தாவின் போன் கூவியது. யாரும் சிரிக்கவில்லை. நான் அழுத்தினேன். பீப். மடிக்கணினியை எல்லாருக்கும் தெரியத் திருப்பிப் பிடித்தேன். பாதிப் பதிவு ஒரு வரியாக வந்து நின்றது. நிமிடம் ஒன்றைத் தாண்டியதும் அந்த வரி இல்லை. மச்சினன் குனிந்து பார்த்தார். "திரும்ப ஒருக்கா அழுத்துங்க," என்றார். அழுத்தினேன். இந்தத் தரம் பதிந்தது.

"அப்ப நான் பிந்தி அழுத்தினதால தப்பிச்சிட்டன்," என்றார், மெதுவாக.

"ஓம். நீங்க பிந்தினதால," என்றேன்.

ஹாஜியார் வேலியடிக்குப் போய் ராத்தாவிடம் ஏதோ பேசினார். காற்றில் எனக்குக் கேட்கவில்லை. ராத்தாவின் மகள் மட்டும் என்னை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அந்தப் பார்வையை விட்டு நகரவில்லை. துணி மடிக்கவும் இல்லை. மடிக்க ஒன்றும் இருக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை ராத்தா வேலைக்குத் திரும்பினார். வேலியடியில் கூவுவது நின்றுவிட்டதா என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

போன மாதம் கம்பி மாற்றப் போனேன். பெட்டிக்குப் பக்கத்தில் ஓர் அப்பியாசக் கொப்பி நூலில் தொங்கியது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு கோடு, பக்கத்தில் மகளின் கையெழுத்தில் நேரம். மழைக்கு நனையாமல் பொலித்தீன் உறை. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு ராத்தா உறையை இழுத்துச் சரிசெய்தார்.

இரண்டு மணிக்குச் சேவல் கூவியது. அவர் அழுத்தினார். இப்போது பீப் உடனே வராது, பதிந்தபிறகுதான் வரும். அந்த இரண்டு நிமிடமும் நாங்கள் இருவரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிள்ளைக்குப் பல் வந்துவிட்டதா என்றுகூட அவர் கேட்கவில்லை. பீப் கேட்டது. கொப்பியில் கோடு போட்டார்.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மிஸ், பதிஞ்சிருக்கா எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க."

என்னை அவர் மிஸ் என்று கூப்பிட்டது அதுவே முதல் தரம். நான் திரையைப் பார்த்தேன். பிறகு கொப்பியைப் பார்த்தேன். பிறகு திரும்பவும் திரையை.

"பதிஞ்சிருக்கு," என்றேன்.